பம்பை மாற்றுமுன் அளந்து பாருங்கள்



இந்தப் பத்தியில் வழமையாகக் கடன், இருப்பு, கணக்குப் புத்தகம், ஸகாத் என்றுதான் எழுதி வருகிறேன். இம்முறை வாகனத்தைப் பற்றி எழுதப் போகிறேன். சாமான் ஏற்றி இறக்கும் வண்டியும் நமது மூலதனத்தில் ஒரு பகுதிதான். கடையில் ஒரு பெட்டி குறைந்தால் இரவு பத்து மணி வரை தேடுகிற நாம், வண்டி விஷயத்தில் மட்டும் கராஜில் சொல்வதைக் கேட்டுக் காசை எண்ணிக் கொடுத்து விடுகிறோம். நானும் அப்படித்தான் கொடுத்தேன். ஓர் இலட்சத்துப் பத்தாயிரத்து ஐந்நூறு ரூபா கொடுத்த பிறகுதான் புத்தி வந்தது.

எனது கடை கொலன்னாவையில். பிளாஸ்டிக் சாமான்கள் மொத்த வியாபாரம். கேகாலை, மாவனல்லை, கண்டி, அக்குறணை வரைக்கும் மாதத்தில் நான்கு தடவை வண்டி போகும். வண்டி டொயோட்டா டவுன்ஏஸ். பெற்றோல், இன்ஜெக்டர் எஞ்சின், 1990களின் கடைசியில் வந்தது. பழசுதான். ஆனால் கடனில்லாத வண்டி. லீசிங் கட்டுகிறவர்களுக்கு அந்தச் சொல்லின் பெறுமதி விளங்கும்.

2023 ஆம் ஆண்டு நடுப்பகுதியில் ஒரு நாள் சாரதி கோல் எடுத்தார். "முதலாளி, கடுகண்ணாவ ஏத்தத்தில வண்டி இழுக்குதில்ல. செகண்ட் கியர்ல போட்டும் திணறுது" என்றார். திரும்பி வந்ததும் நானே எடுத்துப் பார்த்தேன். கொலன்னாவையிலிருந்து வெல்லம்பிட்டிக்கும் அங்கிருந்து தெமட்டகொடைக்கும் ஓடினேன். வண்டி பூப்போல ஓடியது. அடுத்த தடவையும் அதே கோல், அதே ஏற்றம். அதற்கடுத்த முறை மாவனல்லை தாண்டியதும் நின்றே விட்டது. கால் மணித்தியாலம் ஆறவிட்ட பிறகு ஸ்டார்ட் ஆனதாம். நான்காம் முறை அதுவும் நடக்கவில்லை. கட்டியிழுத்துக்கொண்டு வரவேண்டியதாயிற்று.

இதற்கிடையில் பெற்றோல் கணக்கும் பிழைத்தது. முன்பு ஒரு போக்குவரத்துக்குப் போன லீற்றரை விட ஐந்தாறு லீற்றர் கூடுதலாகப் போனது. 2022 ஜூனில் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியதையும், செட் வாசலில் இரவு பகலாக வரிசையில் கிடந்ததையும் நாம் யாரும் மறக்கவில்லை. அந்தக் காலம் மனிதனின் மனதில் ஒரு கெட்ட பழக்கத்தை விட்டுச் சென்றது. பெற்றோல் குறைந்தால் யாரோ உறிஞ்சிவிட்டார்கள் என்றே மனம் முதலில் நினைக்கிறது. பதினொரு வருடம் என்னோடு இருந்த சாரதியைப் பார்த்து, கடைப் பையன்மார் நிற்கும்போதே, "பெற்றோல் எங்க போகுது?" என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. வேலைக்கு வருவதை நிறுத்தவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து கடைக்குள் உட்கார்ந்து தேநீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். சாவியை எடுப்பார், பில் புத்தகத்தை எடுப்பார், போய்விடுவார்.

இனிச் செலவுக் கணக்கு. முதலில் பிளக்கும் பிளக் வயரும் என்றார்கள், 9,000. பிறகு பெற்றோல் பில்டர், 3,500. பில்டர் மாற்றியதில் பிழையில்லை, அது எப்படியும் மாற்ற வேண்டியதுதான். பிறகு டாங்கிக்குள் இருக்கும் பெற்றோல் பம்ப், 18,000. அது சரிவராததால் "அது டூப்ளிகேட் பம்ப், ஒரிஜினல் போடுவோம்" என்று இன்னொன்று, 32,000. இன்ஜெக்டர் கழுவ 8,000. இத்தனைக்கும் கூலி 15,000. மாவனல்லையிலிருந்து கட்டியிழுத்த காசு 25,000. கூட்டிப் பாருங்கள், 110,500 வரும். அக்குறணையில் ஒரு நல்ல வாடிக்கையாளர் இரண்டு தடவை சாமான் பிந்தியதால் வேறு ஆளிடம் எடுக்கத் தொடங்கினார். அந்த நட்டம் இந்தக் கணக்கில் இல்லை.

கராஜ்காரர் கள்ளர் அல்லர். அவர் அறிந்ததைச் செய்தார். பிழை என்னவென்றால், இத்தனை சாமான் மாற்றிய பிறகும் ஒருவரும் ஒன்றையும் அளந்து பார்க்கவில்லை. அளக்கச் சொல்லிக் கேட்கவும் எனக்குத் தெரியவில்லை.

விற்கப் போன கதை

இனி இந்த வண்டி வேண்டாம் என்று முடிவெடுத்தேன். ஒரு தரகர் ஆள் கூட்டிவந்தார். வருமுன்னே என்னிடம் இரகசியமாகச் சொன்னார்: "ஹாஜி, நீங்க ஒண்டும் செல்ல வாணாம். கொலன்னாவயில ஏத்தம் எங்க ஈக்கி? தட்டையான ரோட்டுல ஓட்டிப் பாத்துட்டு அவர் காசத் தந்துட்டுப் போவார்."

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் மனம் தடுமாறியது. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் இருப்பது நமக்கெல்லாம் தெரியும். எனது வண்டியின் ஈரம் கடுகண்ணாவையில் இருந்தது. வாங்க வந்த சகோதரரிடம், சுமையோடு ஏற்றத்தில் இழுக்காது, காரணம் தெரியாது என்று சொன்னேன். அவர் உடனே மூன்று இலட்சம் குறைத்தார். தரகர் என்னை முறைத்தார்.

அன்றிரவு யோசித்தபோது ஒன்று விளங்கியது. அவர் குறைத்த மூன்று இலட்சம் பம்பின் விலையல்ல. பம்ப் முப்பத்திரண்டாயிரம்தான். என்ன பிழை என்று எனக்குத் தெரியாததால், இருக்கக்கூடிய பிழைகளில் ஆகப் பெரியதற்கு அவர் விலை போட்டார். அது நியாயம். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். பெயர் சொல்லத் தெரியாத பிழைக்கு வியாபாரத்தில் எப்போதும் விலை கூட. ஆகவே விற்கிறதோ வைத்திருக்கிறதோ, முதலில் பிழையின் பெயரை அறிய வேண்டும் என்று தீர்மானித்தேன்.

ஜும்ஆ நாள் அழுத்தம்

வெல்லம்பிட்டியில் ஒரு ஒயரிங் பாஸ் இருக்கிறார். சிறிய இடம், இரண்டு வாகனம் நிறுத்தலாம். அவரிடம் சொன்னேன், இன்னொரு பம்ப் போட்டுப் பார்ப்போமா என்று. "நானா, ரெண்டு பம்ப் மாத்தீக்கி எண்டு செல்றீங்க. மறுகா என்த்துக்கு இன்னொண்டு? அளந்து பாக்காம ஒண்டும் செல்ல ஏலா" என்று சொல்லி, ஒரு பெட்டியிலிருந்து நீண்ட குழாயுடன் கூடிய கேஜ் ஒன்றை எடுத்தார். ஒரு சாண் அகலமும் இல்லாத அந்தச் சாமானுக்குத்தான் இத்தனை காலம் நான் வட்டி கட்டியிருக்கிறேன்.

அவர் விளக்கியதை எனது பாஷையில் சொல்கிறேன். நமது பள்ளிவாசலில் வுழூச் செய்யும் குழாய்களை எடுத்துக்கொள்ளுங்கள். சுபஹுக்குப் பத்துப் பேர் வருவார்கள், தண்ணீர் பீறிட்டு அடிக்கும். ஜும்ஆவுக்கு எல்லாக் குழாயும் ஒரே நேரத்தில் திறந்தால் நூல் போல வழியும். மேலே உள்ள தாங்கியும் அதே தாங்கி, குழாயும் அதே குழாய். வண்டியும் அப்படித்தான். எஞ்சின் சும்மா ஓடும்போது இன்ஜெக்டர்கள் எடுப்பது கொஞ்சம். மீதிப் பெற்றோல் ரிட்டர்ன் குழாய் வழியாக டாங்கிக்கே திரும்பிப் போகிறது. சுமையோடு ஏற்றம் ஏறும்போது இன்ஜெக்டர்கள் அதிக நேரம் திறந்து நிற்கின்றன. பம்பு அனுப்புவது போதாவிட்டால் அழுத்தம் விழுகிறது, பெற்றோல் குறைந்து காற்று கூடுகிறது, எஞ்சின் சூடேறித் திணறுகிறது. சாரதி கியரைக் குறைத்து அக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே ஏற வேண்டியிருக்கும். அதனால் பெற்றோல் செலவும் கூடும். எனது ஐந்தாறு லீற்றர் போன இடம் அதுதான். அப்போதே முகம் சுருங்கிவிட்டது எனக்கு.

ஆகவே சுபஹு நேரத்தில் அளந்து பார்த்துத் தண்ணீர் போதும் என்று சொன்னால் அது அளவை அல்ல. ஜும்ஆ நேரத்தில் அளக்க வேண்டும்.

அளக்கும் வேலைக்கு முன் ஒரு விஷயத்தைப் பாஸ் கண்டிப்பாகச் சொன்னார். கொலன்னாவைக்காரனுக்கு அதை அதிகம் சொல்லத் தேவையில்லை. 1995 ஒக்டோபர் 20 ஆம் திகதி எண்ணெய்த் தாங்கிகள் தாக்கப்பட்டுப் பற்றியெரிந்த புகையைக் கண்ணால் கண்டவர்கள் நாங்கள். இன்ஜெக்டர் வண்டியின் குழாய்க்குள் எஞ்சின் நின்ற பிறகும் அழுத்தம் இருக்கும். அப்படியே நட்டைத் தளர்த்தினால் பெற்றோல் முகத்திலும் சூடான எஞ்சினிலும் பீச்சியடிக்கும். முதலில் பம்புக்குப் போகும் கரண்டைக் கழற்றி, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட வேண்டும். பிறகு பெற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும். கேஜை மாட்டிய பிறகுதான் கரண்டை மீண்டும் கொடுக்க வேண்டும். சிகரட் பற்றவைப்பவரை வெளியே அனுப்ப வேண்டும். தீயணைக்கும் சிலிண்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கழற்றிய இடத்து வாஷர்களைத் திரும்பப் போடாமல் புதிது போட வேண்டும். நாற்பது ரூபாவை மிச்சம் பிடித்து வண்டியைக் கொளுத்தியவர்களும் இருக்கிறார்கள்.

டொயோட்டாவின் அந்தக் கால வண்டிகளில் டயக்னோசிஸ் என்று மூடியில் எழுதிய சிறிய பெட்டி ஒன்று இருக்கும். மூடியைத் திறந்து 'பி', 'எஃப்.பி.' என்ற இரண்டு துளைகளையும் ஒரு சிறு வயரால் இணைத்து, சாவியை ஒன் செய்தால் எஞ்சின் ஓடாமலே பம்ப் ஓடும். டாங்கிப் பக்கம் காதை வைத்தால் முணுமுணுப்புக் கேட்கும். கேட்காவிட்டால் பம்ப் செத்துவிட்டது என்று அர்த்தமல்ல. பியூஸ், ரிலே, வயர் எல்லாம் பார்த்த பிறகுதான் அந்த முடிவுக்கு வர வேண்டும்.

அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும்? இந்த வகை டொயோட்டா எஞ்சின்களுக்குப் பொதுவாக, ரெகுலேட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றிய நிலையில் 38 முதல் 44 பி.எஸ்.ஐ. குழாயை மாட்டி எஞ்சின் சும்மா ஓடும்போது அதிலிருந்து ஏழெட்டுக் குறைந்திருக்கும். எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்தும் 21 க்குக் கீழே விழக்கூடாது. உங்கள் வண்டிக்குச் சரியான எண்ணை அதன் சேர்விஸ் புத்தகத்தில் பாருங்கள். காபரேட்டர் உள்ள பழைய சன்னி, பழைய லான்சர் வைத்திருப்பவர்கள் இந்த எண்ணை வைத்துப் பயப்பட வேண்டாம். அவற்றுக்கு மூன்று நான்கு பி.எஸ்.ஐ. போதும்.

எனது வண்டியில் எஞ்சின் சும்மா ஓடும்போது 33. வேக்குவம் குழாயைக் கழற்றியதும் 40. "பாருங்கோ, இதப் பாத்துட்டு வேற யாராவது பிரஷர் சரி எண்டு செல்லுவாங்க" என்றார் பாஸ். கழற்றிய அந்த வேக்குவம் குழாயை மோந்து பார்த்தார். அதற்குள் பெற்றோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டரின் தோல் கிழிந்துவிட்டது என்று அர்த்தம். ஈரம் இல்லை.

அடுத்தது எனக்கு ஆகவும் பிடித்த சோதனை. வியாபாரிக்குப் பிடிக்கும் சோதனை, ஏனென்றால் அது படிக்கணக்கு. ரிட்டர்ன் குழாயைக் கழற்றி அளவு குறித்த போத்தலுக்குள் விட்டு, பம்பை முப்பது வினாடி ஓடவிட்டார். நல்ல நிலையில் அரை லீற்றருக்குக் குறையாமல் வர வேண்டும். எனக்கு வந்தது 350 மில்லிலீற்றர். அழுத்தம் காட்டியது, அளவு வரவில்லை. தராசு சரி, மூட்டைக்குள் அரிசி குறைவு.

ரிட்டர்ன் குழாயை ஒரு கணம் மட்டும் நெரித்துப் பார்ப்பதும் ஒரு வழி. நெரித்ததும் முள் அறுபதைத் தாண்டிப் பாய்ந்தால் பம்பும் பில்டரும் நல்லவை, பிழை ரெகுலேட்டரில். அசையாமல் மெதுவாக ஏறினால் பிழை பம்புப் பக்கம். ஆனால் நெரித்தபடி வைத்திருக்கக் கூடாது. பழைய குழாய் வெடிக்கும், பம்பும் கெடும். எனது வண்டியில் முள் சோம்பேறி போல ஐம்பது வரை போய் நின்றது.

பிறகு ஜும்ஆ நேரச் சோதனை. வேனில் சாமான் ஏற்றினோம். கேஜின் நீண்ட குழாயை வெளியே கொண்டுவந்து முன் கண்ணாடியில், வெளிப்பக்கமாக, டேப் போட்டு ஒட்டினார். பெற்றோல் நிறைந்த கேஜை வண்டிக்குள் வைக்கக் கூடாது என்பதை மறக்க வேண்டாம். கடுகண்ணாவை வரை போகத் தேவைப்படவில்லை. 2021 இல் திறந்த புதிய களனிப் பாலத்துக்கு ஒருகொடவத்தையிலிருந்து ஏறும் பாதையில், மூன்றாம் கியரில், அக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து ஏறினோம். முள் 40, 36, 30 என்று இறங்கி 24 இல் வந்து நின்றது. வண்டி திணறியது. சாரதி மாதக்கணக்காகச் சொன்னதை, கொலன்னாவையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நான் முதல் தடவையாகக் கண்ணால் கண்டேன்.

நான் கேட்டேன், "அப்ப இந்த ரெண்டாவது பம்பும் டூப்ளிகேட்டோ?" பாஸ் பதில் சொல்லாமல் மல்டிமீற்றரை எடுத்தார். எஞ்சின் ஓடும்போது பெற்றரியில் 13.8 வோல்ட். பம்பின் சொக்கெட்டில், பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளந்தால் 10.3. இடையில் மூன்றரை வோல்ட் காணாமல் போயிருக்கிறது. கழற்றிய சொக்கெட்டில் அளந்தால் இது தெரியாது. கரண்ட் ஓடாத வயர் எப்போதும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். பிளஸ் பக்கத்தில் இழப்பு 0.6 வோல்ட், அது ரிலேயின் தேய்மானம். எர்த் பக்கத்தில் 2.9 வோல்ட்.

நிச்சயப்படுத்த, பியூஸ் வைத்த தனி வயர்களை நேராகப் பெற்றரியிலிருந்து பம்புக்கு இழுத்துக் கொடுத்தார். போத்தலில் முப்பது வினாடிக்கு 800 மில்லிலீற்றர் விழுந்தது. திரும்பவும் பாலத்தில் ஏறினோம். முள் 40 இல் குத்தி வைத்ததுபோல் நின்றது.

எர்த் வயர் பின்பக்கத் தரைத் தகட்டின் கீழ் ஒரு போல்ட்டில் முடிகிறது. கழற்றியபோது போல்ட் கையோடு மண்ணாக உதிர்ந்தது. காய்ந்த சேறு. அதைக் கண்டதும் எனக்கு 2016 மே ஞாபகம் வந்தது. களனி கங்கை பெருகி கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் மூழ்கியபோது இந்த வேன் இரண்டு நாள் சேற்றுத் தண்ணீரில் நின்றது. அப்போது எஞ்சின் ஒயில் மாற்றினோம், சீட் காயவைத்தோம், ஸ்டார்ட் ஆனது, அல்ஹம்துலில்லாஹ் என்று மறந்துவிட்டோம். தண்ணீர் வடிந்த பிறகும் துரு ஏழு வருடம் வேலை செய்திருக்கிறது. நமது பகுதியில் வெள்ளம் கண்ட வண்டி வைத்திருக்கிறவர்களும், வெள்ளம் கண்ட வண்டியை வாங்கப் போகிறவர்களும் எர்த் போல்ட்டுகளைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டாமல் இருக்க வேண்டாம்.

தகட்டைச் சுரண்டி, புதுப் போல்ட் போட்டு, வயரின் நுனியை வெட்டிப் புது டேர்மினல் பிடித்து, ரிலேயையும் மாற்றியதற்குச் சாமான் 2,700 ரூபா, கூலி 3,000. மொத்தம் 5,700. முதலில் கழற்றி எறிந்த பம்ப், பழைய ஜப்பான் பம்ப், அதையும் பாஸ் மேசையில் வைத்து முழு வோல்ட் கொடுத்து ஓட்டிக் காட்டினார். நன்றாகத்தான் ஓடியது. அதை இன்றும் கடையில் வைத்திருக்கிறேன்.

வேறு வண்டிகள், வேறு காரணங்கள்

எல்லா வண்டியிலும் பிழை எர்த்தில் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் பிறகு நண்பர்களின் வண்டிகள் சிலவற்றைப் பாஸோடு நின்று பார்த்திருக்கிறேன்.

பக்கத்துக் கடைக்காரரின் காரில் காலையில் மட்டும் நெடுநேரம் செல்ப் அடிக்க வேண்டும். ஸ்டார்ட் ஆன பிறகு ஒரு குறையும் இல்லை. கேஜில் ஓடும்போது 41, நிறுத்தி ஒரு நிமிடத்தில் 5. அப்படி விழுந்தால் மூன்று இடத்தில் ஒன்று. பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு, ரெகுலேட்டர், அல்லது சொட்டும் இன்ஜெக்டர். நிறுத்தியதும் பம்புப் பக்கக் குழாயை நெரித்துப் பார்த்தால், முள் விழாமல் நின்றால் வால்வு. ரிட்டர்னை நெரித்து நின்றால் ரெகுலேட்டர். இரண்டையும் நெரித்தும் விழுந்தால், பிளக்குகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஈரமான பிளக் உள்ள சிலிண்டரில்தான் இன்ஜெக்டர் ஒழுகுகிறது. அவருக்கு வால்வு. காலையில் நான்கு வினாடி கூடுதலாகச் செல்ப் அடிப்பதற்காகப் பம்ப் மாற்ற வேண்டுமா என்று கேட்டார். அவசரமில்லை என்று பாஸ் சொன்னார், பெற்றரியைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்றார்.

2022 இல் வரிசைக் காலத்தில் டாங்கியின் அடியைத் தொட்டுத் தொட்டு ஓடியவர்களுக்கு இன்னொரு தொல்லை. டாங்கிக்குள் இருக்கும் பம்ப் பெற்றோலில் மூழ்கியே சூடு தணிகிறது. எப்போதும் சிவப்பு விளக்கில் ஓடினால் பம்ப் வேகும். கேனில் சேர்த்து வைத்து ஊற்றிய பெற்றோலோடு போன துருவும் தூசும் பம்பின் வாயில் இருக்கும் வலைப் பையில் படிந்திருக்கும். வெளியே உள்ள பில்டரை எத்தனை முறை மாற்றினாலும் அந்த வலை மாறாது. பம்பை இறக்கினால் வலையையும் மாற்றச் சொல்லுங்கள். டாங்கியின் அடியையும் டோர்ச் அடித்து அல்ல, பெற்றோலை வடித்து எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டாங்கி வாயில் சாதாரண விளக்கைக் கொண்டு போகிறவரை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

டீசல் வண்டிக்காரர்கள், டொல்பின் வேனும் எல்ஃப் லொறியும் வைத்திருப்பவர்கள், கோபிக்க வேண்டாம். உங்களுக்கு அனேகமாகப் பிழை காற்றில். டாங்கியிலிருந்து பம்பு வரை உறிஞ்சும் குழாயில் ஒரு வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். இன்ஜெக்டர் பம்புக்குப் போகும் இடத்தில் ஒரு முழம் கண்ணாடிக் குழாயைப் போட்டு எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள், குமிழி வந்தால் தெரிந்துவிடும். பில்டர் தலையிலுள்ள கைப்பம்பு ஒவ்வொரு காலையும் தொளதொளவென்று இருந்தால் அதுவே சாட்சி. பில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடித்துவிடுங்கள். புதிய கொமன் ரெயில் டீசல்களில் மட்டும் கைவைக்கவே வேண்டாம். அவற்றின் குழாய்க்குள் ஆயிரம் பாருக்கும் மேல் அழுத்தம். ஊசி முனையளவு ஒழுக்கு தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அது கொம்பியூட்டரில் பார்க்கிற இடத்துக்குரிய வேலை.

பஞ்சிகாவத்தைக்குப் போகுமுன் ஒரு வார்த்தை. அங்கே நமது சகோதரர்கள் பலர் கடை வைத்திருக்கிறார்கள், அவர்களும் இதை வாசிப்பார்கள். கரண்ட் சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது என்று பல கடைகளில் போர்ட் தொங்குகிறது. அளக்காமல் வாங்கிப் பூட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவருகிறவர்களால்தான் அந்த போர்ட் வந்தது. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் விற்கும்போதே இருந்த குறை வெளிப்பட்டால் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு நமது பிக்ஹில் உண்டு, கியாருல் ஐப் என்று ஓதியிருக்கிறோம். போர்ட் தொங்குவதால் அந்த உரிமை இல்லாமல் போகாது. எனக்கு முதலில் விற்ற 18,000 ரூபா பம்பில் குறை இருக்கவில்லை, ஆகவே திருப்பிக் கேட்க எனக்கு முகமும் இல்லை. வாங்கப் போகிறவர் வண்டியின் மொடல் எண்ணோடு, அளந்த அழுத்தத்தையும் போத்தல் அளவையும் பம்ப் சொக்கெட்டின் வோல்ட்டையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனால், விற்கிறவரும் யோசித்துத்தான் சாமான் எடுப்பார். நான் அறிந்த ஒரு கடைக்காரர் இப்போது பம்ப் கேட்டு வருகிறவரிடம் முதலில் "வோல்ட் பாத்தீங்களா?" என்றுதான் கேட்கிறார். அன்றைய விற்பனை ஒன்று குறையும். ஆனால் அவரிடம் கூட்டம் குறையவில்லை.

வண்டியை நான் விற்கவில்லை. மூன்று இலட்சம் குறைத்த சகோதரருக்குக் கோல் எடுத்து, பிழை கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டேன், இனிக் குறைக்கமாட்டேன், வேண்டுமென்றால் கடுகண்ணாவைக்கே ஓட்டிப் பார்த்து எடுங்கள் என்றேன். அதற்குள் அவர் வேறு வண்டி எடுத்திருந்தார். நல்லதாயிற்று.

அடுத்த போக்குவரத்து ஒரு செவ்வாய்க்கிழமை. முழுச் சுமை. நடுப்பகலில் சாரதி கோல் எடுத்தார். "முதலாளி, டோசன் கோபுரத்துக்கிட்ட நிக்கிறன். தேர்ட் கியர்லயே ஏறிட்டு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் இரவு கடைக்கு வந்தபோது பையன்மார் கடை சாத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களை நிற்கச் சொன்னேன். எவர் முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்டேனோ அவர்கள் முன்னாலேயே, பெற்றோல் எங்கே போனது என்று இப்போது எனக்குத் தெரியும், நான் சொன்னது பிழை, என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் பில் புத்தகத்தை மேசையில் வைத்தார். "அத விடுங்க முதலாளி, அக்குறணக் கடைக்காரர் திரும்பவும் ஓடர் தந்தீக்கிறார்" என்றார். பையன் தேநீர் கொண்டுவந்தான். அவர் உட்கார்ந்தார்.

கேஜ் ஒன்றை நானும் வாங்கிக் கடையில் தொங்கவிட்டிருக்கிறேன், 6,500 ரூபா. அயலில் உள்ள வியாபாரிகள் யாரும் வந்து எடுத்துப் போகலாம், வாடகை இல்லை. பாஸ் ஒருவர் கூட இருக்க வேண்டும், கண்ட அளவுகளைத் திருப்பித் தரும்போது கொப்பியில் எழுதிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். இதுவரை ஒன்பது வண்டி எழுதப்பட்டிருக்கிறது. அதில் உண்மையாகவே பம்ப் மாற்ற வேண்டியிருந்தது மூன்று.